அனுமதி இல்லாத மாடியோடு ஒரு வீடு: வாங்கலாமா, விடலாமா?

வாசலில் நின்று பார்த்தால் அந்த வீட்டில் ஒரு குறையும் தெரியாது. கும்பகோணத்தை ஒட்டிய விரிவாக்கப் பகுதி, கிழக்குப் பார்த்த மனை, முன்னால் ஒரு வேப்பமரம், மாடியில் காற்றோட்டமான இரண்டு அறை. என் தங்கை மாடி ஜன்னலைத் திறந்து பார்த்ததும் மனசு அங்கேயே நின்றுவிட்டது. நான் வடக்குப் பக்கச் சந்துக்குள் இறங்கி, "மாப்பிள்ளை, டேப்போட நுனியைக் காம்பவுண்டு சுவத்துல பிடிங்க" என்றேன். வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே ஐந்தடி காலியிடம் விட வேண்டும் என்று அனுமதி வாங்கிய வரைபடம் சொல்கிறது. அந்தச் சந்தில் மாடிக்கு ஏறும் கான்கிரீட் படி மூன்றடியை எடுத்துக்கொண்டிருந்தது. மிச்சம் இரண்டடி. நான் ஒருக்களித்துத்தான் நடக்க முடிந்தது.

வரைபடத்தில் அந்தப் படியே இல்லை. மாடியும் இல்லை.

இருபது வருஷமாக வீட்டு வரைபடம் போட்டுக்கொடுப்பதுதான் என் தொழில். ஆனால் சொந்தத் தங்கைக்கு வீடு பார்க்கும்போது வருகிற பயம் வேறு. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார், மாற்றலில் ஊருக்கு வந்திருக்கிறார். சேர்த்த பணம் முழுவதும் ஒரே வீட்டில் போகப் போகிறது. ஆறு மாசம் அலைந்து கடைசியில் மூன்று வீடுகள் கையில் நின்றன. மூன்றிலும் அனுமதிச் சிக்கல் இருந்தது. டெல்டாவில் சிக்கலே இல்லாத வீடு கிடைப்பது அபூர்வம். அதனால் சிக்கல் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நின்றுவிடாமல், அது என்ன வகைச் சிக்கல் என்று பார்க்கச் சொல்லுவேன். பேப்பரில் தீர்கிற மீறல் உண்டு. கடப்பாரையில் தீர்கிற மீறல் உண்டு. எதிலும் தீராத மீறலும் உண்டு. விலையைப் பேசுவதற்கு முன்னால் இதைப் பிரித்துவிட வேண்டும்.

முதல் வீடு: பட்டா சுத்தம், மாடி மட்டும் திருட்டு

மனை 30க்கு 50, அதாவது 1,500 சதுர அடி. நகர் ஊரமைப்புத் துறை அனுமதித்த மனைப்பிரிவு. 2009இல் தரைத்தளம் 900 சதுர அடி, முறையாக அனுமதி வாங்கிக் கட்டியது. 2016இல் மேலே 700 சதுர அடி, யாரையும் கேட்காமல் கட்டியது. கேட்கும் விலை 58 லட்சம்.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்றவர், நல்ல மனிதர். அனுமதியைப் பற்றிக் கேட்டதும் உள்ளே போய்ச் சொத்து வரி ரசீதை எடுத்து வந்தார். "மாடிக்கும் சேத்துத்தான் சார் வரி கட்டுறேன். ஊருல யாரு பிளான் வாங்கி மாடி போடுறா?" என்றார். அவர் சொன்ன இரண்டுமே உண்மை. ஆனால் வரி ரசீது வேறு, அனுமதி வேறு. இருக்கிற கட்டடத்துக்கு உள்ளாட்சி வரி போடும். வரி போட்டதாலேயே அந்தக் கட்டடம் முறையானதாக ஆகிவிடாது. மின் இணைப்பு அட்டையும் அப்படித்தான். வாங்க வருகிறவர்களிடம் இந்த இரண்டையும் காட்டித்தான் பாதிப் பேர் சமாளிக்கிறார்கள்.

இன்னொரு பக்கம், இல்லாத குறையைக் குறை என்று நினைத்து நல்ல வீட்டை விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். 'கட்டட நிறைவுச் சான்று இல்லை, அதனால் வேண்டாம்' என்று ஒரு நண்பர் ஒதுங்கினார். தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்ட இந்த அளவுச் சிறு வீடுகளுக்கு நிறைவுச் சான்றிலிருந்து 2019ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளே விலக்கு தருகின்றன. நாம் கேட்க வேண்டியது முத்திரையும் எண்ணும் உள்ள அனுமதி வரைபடம். வீட்டுக்காரரிடம் அது தொலைந்துபோயிருந்தால் உள்ளாட்சி அலுவலகத்தில் நகல் கேட்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும். அந்த 30 நாளை அவசரப்பட்டு விட்டுக்கொடுக்காதீர்கள்.

சரி, இந்த மாடிக்கு இனிமேல் அனுமதி கிடைக்குமா? இந்த வகை வீட்டுக்கு 2019 விதிகளில் தளப்பரப்புக் குறியீடு 2. மனையின் பரப்பைப் போல இரண்டு மடங்கு கட்டிக்கொள்ளலாம். 1,500 சதுர அடி மனையில் 3,000 வரை போகலாம். இங்கே கீழும் மேலும் சேர்த்து 1,600தான். ஆகவே மாடியின் பரப்பில் தவறில்லை. இருக்கிறபடி அளந்து, புதிதாக வரைபடம் போட்டு, கூடுதல் கட்டடத்துக்கு விண்ணப்பித்து, அதற்கான கட்டணங்களைக் கட்டினால் வழி இருக்கிறது. பேப்பரில் தீர்கிற மீறல் இது.

படிக்கட்டு அப்படியில்லை. பக்கவாட்டுக் காலியிடத்தை இந்த அளவுக்கு அடைத்துக்கொண்டு நிற்பதற்கு அனுமதி கிடைக்கும் என்று நம்பி இறங்க முடியாது. இடிக்க வேண்டும். படியை வீட்டுக்குள் கொண்டுவந்து, கூடத்து மூலையில் தளத்தை வெட்டி ஏற்ற வேண்டும். இது கடப்பாரையில் தீர்கிற மீறல்.

அந்தச் சந்தை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பதற்குச் சட்டம் மட்டும் காரணமில்லை. 2004 ஜூலை 16 அன்று எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. சமையல் கூடத்தில் பற்றிய தீ மாடியின் கூரைக்குப் பரவியது. குறுகலான ஒரே படி. 94 குழந்தைகள். படியின் அகலமும் சந்தின் அகலமும் அலுவலகச் சடங்கு என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த நாள்தான் ஞாபகம் வரும்.

இரண்டு குறுக்கு வழிகளைச் சொன்னார்கள். ஒன்று, 2024 ஜூலை 22 முதல் நடைமுறைக்கு வந்த சுயசான்று முறை. 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளம் மட்டுமோ, அதோடு ஒரு மாடியுமோ கட்ட, இணையத்திலேயே உடனடி அனுமதி. நல்ல திட்டம், நானே பலருக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அது கட்டப் போகிற வீட்டுக்கு. கட்டி முடித்துப் பத்து வருஷமான மாடியைக் காலி மொட்டை மாடி என்று காட்டி வாங்கினால், அது பொய்ச் சான்று. பிடிபட்டால் அனுமதியே போய்விடும். இன்னொன்று, பழைய மீறல்களை வரன்முறைப்படுத்தும், நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-சி பிரிவு. அது 2007 ஜூலை 1க்கு முன் கட்டியவற்றுக்கானது. 2016 மாடிக்குப் பொருந்தாது.

அப்படியே வாங்கிவிட்டால் என்ன?

தரகர் சொன்ன யோசனை இதுதான். "மூணு, நாலு லட்சம் குறைச்சுக் கேளுங்க. அப்புறம் நீங்களே சரிபண்ணிக்குங்க." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வீட்டுக்காரரும் அப்படியே எடுத்தால் 54 லட்சத்துக்கு இறங்குவதாகச் சொன்னார். அவரே சரிபண்ணித் தருவதென்றால் 57. மூன்று லட்சம் வித்தியாசம். தங்கை 54 பக்கம் சாய்ந்தாள். நான் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

வங்கியின் மதிப்பீட்டுப் பொறியாளர் அனுமதி உள்ள பரப்பை மட்டும்தான் எடுத்துக்கொண்டார். மனை 30 லட்சம், தரைத்தளம் 13.5 லட்சம், ஆக 43.5 லட்சம். மாடிக்குப் பூஜ்யம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான வீட்டுக்கடனுக்கு, மதிப்பில் 80 சதவீதம் வரைதான் ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. அப்படியானால் கடன் 34.8 லட்சம். 54 லட்சத்துக்கு வாங்கினால் மீதி 19.2 லட்சம் கையிலிருந்து. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம், 4.86 லட்சம். படியை இடிக்க 40 ஆயிரம், உள்ளே புதுப்படி போட 2.25 லட்சம் என்று மேஸ்திரி சொன்னார். மொத்தம் கையிலிருந்து போவது ஏறத்தாழ 26.7 லட்சம்.

மாடிக்கு முதலில் அனுமதி வந்துவிட்டால், மதிப்பீட்டில் அதற்கும் 11.2 லட்சம் ஏறி 54.7 லட்சம் ஆகும். கடன் 43.76 லட்சம். 57 லட்சத்துக்கு வாங்கினாலும் கையிலிருந்து 13.24 லட்சம். பதிவுச் செலவு 5.13 லட்சம். மொத்தம் 18.4 லட்சத்துக்குள் முடிந்துவிடும்.

ஆக, மூன்று லட்சம் குறைவு என்று நினைத்த வழியில் கையிலிருந்து எட்டு லட்சத்துக்கு மேல் கூடுதலாகப் போட வேண்டும். கடனும் திருப்பிக் கட்ட வேண்டிய பணம்தானே என்று மாப்பிள்ளை கேட்டார். நியாயமான கேள்வி. வட்டியை விட்டுவிட்டு முழுச் செலவையும் கூட்டிப் பார்த்தோம். அப்படியே வாங்கினால் 61.51 லட்சம், சரிபண்ணி வாங்கினால் 62.13 லட்சம். வித்தியாசம் 62 ஆயிரம் ரூபாய். அனுமதிக் கட்டணத்தை முதல் வழியில் இன்னும் சேர்க்கவே இல்லை. அந்த 62 ஆயிரத்துக்காக முழு அபாயத்தையும் நம் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

அபாயம் என்று சும்மா சொல்லவில்லை. நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57ஆம் பிரிவுகளின்படி அனுமதியில்லாத கட்டடத்துக்கு நோட்டீஸ் கொடுக்கவும், பூட்டி முத்திரை வைக்கவும், இடிக்கவும் அதிகாரம் உண்டு. கட்டியவர் யார் என்று தேடிக்கொண்டு போக மாட்டார்கள். நோட்டீஸ் வரும் நாளில் வீட்டுக்காரர் யாரோ அவர் கையில்தான் கொடுப்பார்கள். 2024 டிசம்பர் 17ஆம் தேதித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், பல வருஷமாக நிற்கிறது என்பதாலோ பணம் போட்டுக் கட்டியது என்பதாலோ அனுமதியில்லாத கட்டடம் முறையாகிவிடாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கட்டடத்தின் சான்றுகளைச் சரிபார்த்த பிறகே கடன் கொடுக்க வேண்டும் என்று வங்கிகளுக்கும் சொல்லியிருக்கிறது. அடுத்த பத்து வருஷத்தில் தங்கை இந்த வீட்டை விற்க நினைத்தால், வாங்க வருகிறவரின் வங்கி இதைவிடக் கறாராக இருக்கும்.

மாடிக்கான பணத்தைத் தனியாக ரொக்கமாகக் கொடுத்துவிடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. வேண்டவே வேண்டாம். அசையாச் சொத்து விற்பனையில் 20 ஆயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. பத்திரத்தில் ஏறாத பணத்தைத் தகராறு வந்தால் எந்தக் கோர்ட்டிலும் நிரூபிக்க முடியாது.

கீழே தாங்குமா?

பேப்பர் சரியாகிவிட்டால் போதுமென்று நினைக்கிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் மண் களிமண். மழையில் ஊறி உப்பும், கோடையில் காய்ந்து சுருங்கும், பாளம் பாளமாக வெடிக்கும். அதன்மேல் நிற்கிற வீடும் வருஷா வருஷம் மூச்சு விடுவதுபோல் லேசாக அசையும். அஸ்திவாரத்தை ஒரு தளத்துக்கென்று போட்டுவிட்டு மேலே இன்னொன்றை ஏற்றினால், அந்த அசைவைச் சுவர் தாங்காது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பும் வெடிப்பு இதைத்தான் சொல்கிறது. படுக்கையாக ஓடும் மெல்லிய கோடு பெரும்பாலும் பூச்சு வெடிப்பு. சாய்வாக ஓடி, ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பு நுழைகிற அகலம் இருந்தால், பொறியாளரைக் கூப்பிடாமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

எப்போது பார்க்க வேண்டும் என்பதும் முக்கியம். கார்த்திகையில் மண் ஊறியிருக்கும்போது வெடிப்புகள் மூடிக்கொள்ளும். ஒரு கை பெயின்ட் அடித்தால் தெரியவே தெரியாது. சித்திரையில் அதே சுவர் வாயைத் திறக்கும். விற்கிறவர்கள் பொங்கலுக்கு முன் வெள்ளையடித்துக் காட்டுவது வழக்கம். நான் தங்கையைக் கார்த்திகையில் ஒரு தடவை கூட்டிப்போனேன், மறுபடி பங்குனிக் கடைசியில் ஒரு தடவை. நான்கு மாசம் தள்ளிப்போனதே என்று வருத்தப்பட்டாள். அந்த நான்கு மாசம் வீண் இல்லை.

அதற்கும் மேலே ஒரு வேலை செய்தேன். 2009இல் கட்டிய மேஸ்திரி யார் என்று விசாரித்துத் தேடிப் பிடித்தேன். வயசாகிவிட்டது, ஆனால் நன்றாக ஞாபகம் வைத்திருந்தார். "அஞ்சடி தோண்டி, மணல் கொட்டி, தண்ணி விட்டு அமுக்கி, அதுக்கு மேல கான்கிரீட்டுங்க. பேஸ்மட்டத்துல பெல்ட் உண்டு. மாடி வரும்னு அப்பவே சொல்லிட்டாங்க" என்றார். மாடிக்கென்று நீட்டி விட்ட கம்பிகள் 2009இலிருந்து 2016 வரை ஏழு வருஷம் மழையிலும் வெயிலிலும் நின்றிருக்கின்றன. துருப்பிடித்த கம்பியைத் தேய்க்காமல் அப்படியே கான்கிரீட் போட்டிருந்தால், மாடித் தூண் கிளம்பும் இடத்தில் பூச்சு உப்பி, தட்டினால் 'டொக்' என்று பொத்தல் சத்தம் கேட்கும். சாவியால் தட்டித் தட்டிப் பார்த்தோம். ஆறு தூணில் ஒன்றில் மட்டும் அந்தச் சத்தம். கட்டமைப்புப் பொறியாளர் வந்து பூச்சைப் பெயர்த்துப் பார்த்து, சரிசெய்யக்கூடியதுதான் என்று எழுதிக் கொடுத்தார்.

மொட்டை மாடியில் தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. அதை எடுத்துவிடச் சொன்னோம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியபோது, திருத்துறைப்பூண்டி, மன்னார்குடிப் பக்கம் தகடுகள் பறந்து போய் விழுந்த தூரத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது வீடு: அடிமனை கோயிலுக்கு

உண்மையைச் சொன்னால் எனக்குப் பிடித்த வீடு இதுதான். மயிலாடுதுறை போகும் வழியில் ஒரு கோயில் ஊர், சன்னதித் தெரு. திண்ணை, ரேழி, முற்றம், கூடத்தில் நான்கு தேக்குத் தூண், கொல்லைக் கடைசியில் வாய்க்கால். விலை 24 லட்சம் மட்டும். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவரோடு ஒட்டி நிற்கும் வீடு. பக்கவாட்டில் இடம் விடவில்லையே என்று பயப்பட வேண்டாம். இப்படித் தெரு முழுவதும் ஒட்டி நிற்கும் பழைய பகுதிகளுக்கென்று விதியிலேயே 'தொடர் கட்டடப் பகுதி' என்று தனி ஏற்பாடு உண்டு.

சிக்கல் கட்டடத்துக்குக் கீழே இருந்தது. "அடிமனை மட்டும் கோயிலுக்கு. வருஷா வருஷம் சின்னத் தொகைதான், கட்டிட்டா ஒரு தொந்தரவும் இல்ல" என்றார்கள். டெல்டாவில் கோயில்களுக்கும் ஆதீனங்களுக்கும் சொந்தமான மனைகளில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பவர்கள் ஏராளம். அவர்கள் விற்பது மேலே இருக்கிற கட்டடத்தை மட்டும்தான். இந்து சமய அறநிலையச் சட்டம் 1959இன் 34ஆம் பிரிவுப்படி, கோயில் நிலத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, ஐந்து வருஷத்துக்கு மேல் குத்தகைக்கு விடவோ ஆணையரின் அனுமதி வேண்டும். நியாய வாடகையை அவ்வப்போது நிர்ணயிக்க 34-ஏ பிரிவு இருக்கிறது, ஆகவே இன்றைய சின்னத் தொகை நாளைக்கும் சின்னத் தொகையாக இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. கட்டடத்தை வாங்கியவர் பெயரைக் கோயில் தன் வாடகைதாரராக ஏற்காவிட்டால், 78ஆம் பிரிவில் அவர் ஆக்கிரமிப்பாளர். பட்டா கோயில் பெயரில் இருக்கும்வரை வங்கிக் கடன் கிடைக்காது. கொல்லையில் குளியலறை கட்டக்கூட நிலத்தின் உரிமையாளர் சம்மதம் வேண்டும். அந்த வீட்டில் பின்னாலே சேர்த்த கழிவறை, மாடி அறை எதற்கும் அப்படி ஒரு சம்மதம் இல்லை.

அங்கேயே பிறந்து வளர்ந்து, வாடகை கட்டி, கோயிலோடு உறவாக வாழ்கிறவர்களைப் பற்றி நான் பேசவில்லை. அவர்களுடைய நியாயம் வேறு. வெளியிலிருந்து சேமிப்பைக் கொண்டுவந்து போடுகிறவருக்கு இது எதிலும் தீராத வகை. தேக்குத் தூணைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தோம்.

தாராசுரத்தில் பார்த்த ஒரு வீட்டையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். விலை, பட்டா எல்லாம் சரி. ஐராவதேசுவரர் கோயிலிலிருந்து கூப்பிடு தூரம். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதைத் தாண்டி 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. 2010 திருத்தத்துக்குப் பிறகு இது மிகவும் கண்டிப்பு. அந்த 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கிடையாது, பழுது பார்க்கவே தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையத்தின் அனுமதி வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில், கங்கைகொண்ட சோழபுரம் பக்கம் வீடு பார்க்கிறவர்களும் முதலில் தூரத்தை அளந்துவிடுங்கள்.

மூன்றாவது வீடு: 'பஞ்சாயத்து அப்ரூவல்'

புத்தம் புது வீடு. டைல்ஸ் பளபளக்கிறது, மாடுலர் கிச்சன், 41 லட்சம். சாலையோரம் முன்பு நஞ்சையாக இருந்த இடம். 2012இல் மனை பிரித்து, ஊராட்சி மன்றத் தலைவர் முத்திரை குத்திய வரைபடத்தோடு விற்றிருக்கிறார்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அதிகாரம் தலைவருக்கு இல்லை. அந்த முத்திரை வெறும் மைதான்.

"நாலு கை மாறிப் பத்திரம் ஆயிருக்கே, தப்புன்னா பதிவு பண்ணுவாங்களா?" என்று மாப்பிள்ளையே கேட்டார். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதியில்லாத மனைகளின் பதிவுக்குத் தடை போட்டது. பிறகு பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவில், ஏற்கெனவே வீட்டு மனையாகப் பதிவான மனையை மறுபடி பதிவு செய்ய வழி விட்டார்கள். அதனால்தான் பத்திரம் ஆகிறது. பத்திரம் ஆவது மனைக்கோ வீட்டுக்கோ அனுமதி ஆகாது. 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் விதிகள் வந்தன, காலக்கெடு பலமுறை நீண்டது. இந்த மனைக்கு அது முடிந்திருக்கிறதா என்று கேட்டால் பதில் இல்லை. மனை சரியாகாமல் வீட்டுக்கு வரைபட அனுமதி கேட்கவே முடியாது.

'வேளாண் மண்டலச் சட்டம் வந்ததால் இனி டெல்டாவில் யாரும் மனை போட முடியாது, இருப்பதை வாங்கிக்கொள்ளுங்கள்' என்று தரகர் அவசரப்படுத்தினார். அது தவறான தகவல். 2020ஆம் வருஷத்துப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தடுப்பது எண்ணெய், எரிவாயு எடுப்பது போன்ற குறிப்பிட்ட தொழில்களை. வீட்டு மனை அதில் வரவில்லை. நஞ்சையை மனையாக்குவதற்குத் தனியாக நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஏ பிரிவும் மாவட்ட ஆட்சியரின் இசைவும் உண்டு.

இதெல்லாம் பேப்பர் என்று வைத்துக்கொண்டாலும், அந்த வீட்டை முடிவு செய்தது, நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புல வரைபடம். அரசு இணையதளத்திலேயே எடுத்துவிடலாம். மனையின் வடக்கு ஓரமாக ஒரு வாய்க்கால் ஓடுவதாக வரைபடம் காட்டியது. நேரில் அங்கே காம்பவுண்டு சுவர் நிற்கிறது. எதிர் வயலில் நின்ற பெரியவரிடம், "ஐயா, இங்க வாய்க்கால் ஏதும் இருந்துச்சா?" என்று கேட்டேன். சுவரைக் காட்டி, "இதுக்கு அடியிலதான் தம்பி கன்னி வாய்க்கால். எங்க வயலுக்கு இதுலதான் தண்ணி வந்துச்சு. இப்ப ஐப்பசியில வடியவும் வழியில்ல" என்றார். வீட்டின் பின்சுவரில், புதுப் பெயின்டுக்கு அடியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு நீர் ஏறி நின்ற கறை லேசாகத் தெரிந்தது. மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்து கடைமடை வரை போய்ச் சேருவது இந்தச் சின்ன வாய்க்கால்கள் வழியாகத்தான். நீர்வழியில் இருக்கும் மனைக்கு வரன்முறை விதியிலும் இடம் கிடையாது. வாங்குகிறவருக்கு நஷ்டம் என்பது ஒரு பக்கம். அந்தப் பெரியவரின் வயலை அடைத்து நிற்கும் வீட்டில் என் தங்கை குடியிருப்பதை நான் விரும்பவில்லை.

காலி மனை வாங்கிக் கட்டினால் என்ன என்றும் யோசித்தோம். அதுதான் மிகவும் சுத்தமான வழி. அனுமதி உள்ள மனை, சுயசான்றில் வரைபடம், மனசுக்குப் பிடித்த வீடு. ஆனால் மனை 30 லட்சம், 1,600 சதுர அடிக்கு இன்றைய விலையில் சதுர அடி 2,300 வைத்தாலும் 36.8 லட்சம், கட்டி முடிக்கும்வரை வாடகை. கைக்கு எட்டவில்லை. எட்டுகிறவர்கள் வேறு எதையும் பார்க்க வேண்டாம்.

என்ன எழுதி வாங்கினோம்

முதல் வீட்டையே, 57 லட்சத்துக்கு, அவரே சரிபண்ணித் தரும் வழியில் எடுப்பது என்று முடிவானது. அவருக்கும் இதில் நஷ்டமில்லை என்று புரியவைக்க இரண்டு மாலை உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. நாங்கள் வாங்காவிட்டாலும் அடுத்து வருகிறவரின் வங்கியும் இதே கேள்வியைக் கேட்கும் என்றதும்தான் ஒத்துக்கொண்டார்.

கிரைய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தோம். அட்வான்ஸ் 3 லட்சம், வங்கி வழியாக. ஆறு மாசத்துக்குள் பக்கவாட்டுப் படியை அவர் செலவில் இடித்து, உள்படி போட்டு, மாடிக்கு அவர் பெயரிலேயே அனுமதி வாங்க வேண்டும். அனுமதி மறுக்கப்பட்டால் 30 நாளில் அட்வான்ஸ் முழுவதும் திரும்ப வேண்டும், பிடித்தம் கிடையாது. பொத்தல் சத்தம் கேட்ட தூணைப் பொறியாளர் எழுதிக் கொடுத்தபடி சரிசெய்ய வேண்டும். அதுவரை மீதிப் பணம் ஒரு ரூபாயும் நகராது. வரைபடத்தை நான் போடவில்லை. வாங்குகிறவரின் அண்ணனே விற்கிறவருக்கு வரைபடம் போடுவது சரியில்லை என்று வேறு பொறியாளரிடம் அனுப்பினேன்.

நாலாவது மாசம் படியை இடித்தார்கள். இடித்த அன்றைக்குச் சாயங்காலம் தங்கை கூப்பிட்டாள், போனேன். சுவரில் படி ஒட்டியிருந்த இடம் சாய்வாக ஒரு தழும்பு மாதிரி தெரிந்தது. மாப்பிள்ளை நான் சொல்லாமலே டேப்பின் நுனியைக் காம்பவுண்டில் பிடித்தார். ஐந்தடி, அரை அங்குலம். கல்லும் கம்பியும் அள்ளிப்போன அந்தச் சந்தில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். "அண்ணே, இங்க மோட்டாருக்கு ஒரு ஷெட்டு போட்டுக்கலாமா?" என்று மாடி ஜன்னலிலிருந்து தங்கை கேட்டாள். வேண்டாம்மா, அந்த இடம் அப்படியே கிடக்கட்டும் என்றேன்.